எட்டு வாரம், பன்னிரண்டு வாரம்



வேலைநிறுத்தம் செய்ய உரிமை உண்டு என்று சட்டம் சொல்கிறது. எத்தனை நாளைக்கு உண்டு?

பிரிட்டனில் 1999-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு 8 வாரம் என்று பதில் சொன்னது. முறைப்படி வாக்கெடுப்பு நடத்தி, நோட்டீஸ் கொடுத்துப் போராட்டத்தில் இறங்கிய தொழிலாளியை அந்த 8 வாரத்துக்குள் வேலையைவிட்டு நீக்கினால், அது அநியாய நீக்கம். அதற்குப் பிறகு? சமரசத்துக்கு நியாயமான முயற்சி எடுத்தேன் என்று முதலாளி காட்டிவிட்டால், அந்தக் காப்பு தொழிலாளிக்கு இல்லை.

இது நடைமுறையில் எப்படி வேலை செய்தது? வேல்ஸில் கார்னார்வன் என்று ஓர் ஊர். அங்கே வாகனங்களுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஃபிரிக்‌ஷன் டைனமிக்ஸ் ஆலை. 2001-இல் தொழிலாளர்கள் ஒரு வார வேலைநிறுத்தம் செய்தார்கள். வாரம் முடிந்து திரும்பியவர்களுக்கு கேட் திறக்கவில்லை. கதவடைப்பு! வேலை செய்யத் தயாராக வந்தவர்கள் வெளியே நிற்க, சட்டத்தின் 8 வாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு 80-க்கும் மேற்பட்டவர்களுக்கு நீக்கக் கடிதம் வந்தது. அவர்கள் ஆலை வாசலில் இரண்டரை ஆண்டுக்கு மேல் மறியல் செய்தார்கள், தோழர்களே. வேல்ஸின் மழையிலும் குளிரிலும்! நீக்கம் அநியாயம் என்று தீர்ப்பாயமும் சொன்னது. ஆனால் நிறுவனம் நொடித்துவிட்டதாகக் கணக்கு முடித்தார்கள். வென்றவர்களுக்கு வேலையும் திரும்பவில்லை.

கெடு என்று ஒன்று இருந்தால், பேச்சுவார்த்தை மேசைக்கு வருவதைவிடக் காலண்டரைப் பார்த்துக் காத்திருப்பதுதான் முதலாளிக்கு லாபம். தொழிலாளிக்குக் காத்திருக்க வசதி ஏது? வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகைக் கடன் எல்லாம் முதல் நாளே வாசலில் நிற்கும். போராடும் ஒவ்வொரு நாளும் அவர் சம்பளத்தை இழக்கிறார். பொழுதுபோக்குக்காக மூன்று மாதம் பட்டினி கிடப்பவர் எவரும் இல்லை.

கெடு இல்லாவிட்டால் வேலைநிறுத்தம் முடிவில்லாமல் நீளும், பொதுமக்கள் அவதிப்படுவார்கள் என்கிறார்கள். அவதி உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் 8 வாரம் இழுத்தடித்தால் ஆளையே மாற்றிவிடலாம் என்ற நப்பாசை இருக்கும்வரை, எந்த நிர்வாகம் 2-ஆவது வாரத்தில் இறங்கி வரும்?

2004-ஆம் ஆண்டுச் சட்டம் கெடுவை 12 வாரமாக நீட்டியது. கதவடைப்பு நாள்களை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் சொன்னது. பிறகு 2025-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம் அந்த 12 வார வரம்பையே எடுத்துவிட்டது. போராட்டத்துக்கான வாக்கெடுப்பு 6 மாதத்துக்குத்தான் செல்லும் என்று 2016-இல் போட்ட கட்டு, 12 மாதமாகத் தளர்ந்தது.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. சென்னை பின்னி ஆலைப் போராட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர் வாடியா மீது 1920-இல் வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத் தடையாணை வாங்கினார்கள். சங்கத் தலைவரைக் காக்க அன்று சட்டம் இல்லை. அந்த அனுபவம்தான் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவிட்டது. இன்று நம் தொழிலுறவுச் சட்டத் தொகுப்போ எல்லாத் தொழிலகங்களிலும் 14 நாள் முன்னறிவிப்பு கேட்கிறது. முன்பு அது பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும்தான். சமரசப் பேச்சு நடக்கும்போதும், முடிந்து 7 நாள் வரையும் வேலைநிறுத்தம் கூடாது என்கிறது. பாதிப்பேர் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமாம்!

அங்கே அவகாசம் நீள்கிறது, இங்கே சுருங்குகிறது. எந்தச் சங்கக் கொடியைப் பிடித்தாலும் சரி, இந்த விதிகளைத் திருத்த வேண்டும் என்ற தீர்மானத்தை உங்கள் அடுத்த கேட் மீட்டிங்கிலேயே நிறைவேற்றுங்கள்.