வெட்கம் மருந்தாகாது



மானிப்பாயில் வைத்தியர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அவ்வாறிருக்க, முன்தோல் இறுக்கத்தைத் தமிழிற் சொல்ல நாம் கூசுவதேன்? என் நண்பனொருவன் கத்திக்கஞ்சி இரண்டாண்டு மறைத்துத் துன்புற்றான்.

எல்லார்க்கும் கத்தி வேண்டுவதில்லை. வைத்தியர் தரும் பெற்றாமெதசோன் போன்ற ஸ்டீரொயிட் களிம்பை நாளுக்கு இருமுறை, 4 முதல் 8 வாரம் வரை இறுகிய இடத்திற் பூசி, நோகாமல் மெல்லத் தோலைத் தளர்த்தினால் பலருக்குக் குணமாகும். வலிந்திழுத்தால் வெடித்துத் தழும்பாகி இறுக்கம் கூடும். பின்தள்ளிய தோல் திரும்பாது வீங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். வளர்ந்தபின் புதிதாக இறுகினால் சலரோகம் உண்டோவெனச் சோதித்தல் நன்று. தோல் வெளுத்துத் தடித்தாலும் தாமதியாது காட்டுக.

நண்பன் ஈற்றில் வாய்திறந்தான். 6 வாரத்திற் சுகமடைந்தான். நோயை மறைப்பது ஒழுக்கமன்று, அன்பர்களே.