தை மாதத் தண்ணீரை அளப்போம்! கணக்கை நம் கையில் எடுப்போம்!

(பாலாற்றங்கரைக் கிராமங்களில் நடந்த சங்கக் கூட்டங்களில் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக அச்சிட்டுத் தருகிறோம். படித்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்.)



2021 நவம்பரை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். பல பத்தாண்டுகளாகக் காணாத வெள்ளம் பாலாற்றில் வந்தது. தரைப்பாலங்கள் மூழ்கின. டி.வி.யில் மணிக்கு ஒருமுறை சொன்னார்கள், இத்தனை ஆயிரம் கன அடி போகுது, அத்தனை ஆயிரம் கன அடி போகுது என்று. சரி, சொல்லட்டும். ஆனால் மழை விட்டு, மார்கழி போய், தை பிறந்த பிறகு அதே ஆற்றில் எத்தனை கன அடி ஓடியது? எந்த ஊர் வரைக்கும் ஓடியது? எந்தத் தேதியில் நின்றது? அதை எந்த டி.வி.யும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கூட்டம்.

வெள்ளக் கணக்கு கடலுக்குப் போன தண்ணீரின் கணக்கு. தை மாதக் கணக்குத்தான் நமக்குத் தங்கிய தண்ணீரின் கணக்கு. நவரைக்கு நாற்று விடுகிறவனுக்கு எது வேண்டும்? தை மாதக் கணக்குத்தான் வேண்டும்.

ஆற்றில் தை மாதம் ஓடும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றில் ஓடுவது மழைத்தண்ணீர். மழை நின்று ஒரு மாதம் கழித்தும் ஓடுகிறது என்றால் அது மழைத்தண்ணீர் இல்லை. ஏரியில் தேங்கி, நிலத்தில் இறங்கி, மணலுக்குள் ஊறி, மெதுவாகக் கசிந்து வெளியே வரும் தண்ணீர். நம் கிணற்றில் நிற்பதும் ஆற்றில் கசிவதும் ஒரே தண்ணீர்தான். நிலத்தடி மட்டம் ஆற்றுப் படுகையைவிட மேலே இருந்தால் நிலம் ஆற்றுக்குக் கொடுக்கும். படுகையைவிடக் கீழே போய்விட்டால் ஆறு நிலத்துக்குக் கொடுக்கும். அப்போது மேலே வெள்ளம் வந்தாலும் நாலு ஊர் தாண்டுவதற்குள் மணல் குடித்துவிடும்.

இதை நம் முன்னோர்கள் படிப்பில்லாமலே தெரிந்து வைத்திருந்தார்கள். பாலாற்று மணலில் ஊற்றுக்கால் வெட்டினார்கள். மேலே சொட்டுத் தண்ணீர் தெரியாத ஆற்றில் கால்வாய் தோண்டி, உள்ளே ஊறியதை வயலுக்குத் திருப்பினார்கள். வருஷா வருஷம் ஊரே சேர்ந்து தூர் எடுத்தது. மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. ஊற்றுக்காலில் எவ்வளவு வருகிறது என்று பார்த்துத்தான் எத்தனை காணி நடலாம் என்று முடிவு செய்தார்கள். அளக்கும் பழக்கம் நமக்குப் புதுசு இல்லை. நடுவில் விட்டுப்போச்சு, அவ்வளவுதான்.

சர்க்கார் அளக்கவில்லையா?

அளக்கிறார்கள். இல்லை என்று சொல்லக்கூடாது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் வருஷத்துக்கு நாலு தடவை, மே, ஆகஸ்ட், நவம்பர், ஜனவரி மாதங்களில் கண்காணிப்புக் கிணறுகளில் மட்டம் பார்க்கிறது. மாநில அரசும் தனியாக அளக்கிறது. நமக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய ஆதாரம். அதனால் ஜனவரியில் எடுக்கும் அளவுதான் மழைக்குப் பிந்தைய அளவு. மழைக்கு முன்னால் எங்கே இருந்தது, மழைக்குப் பின்னால் எவ்வளவு ஏறியது என்று பார்த்து, எத்தனை தண்ணீர் சேர்ந்தது, எத்தனை எடுத்தோம் என்று கணக்குப் போடுகிறார்கள்.

சேர்வதில் எடுக்கத் தக்கது நூறு பங்கு என்றால், 70 பங்குக்குள் எடுத்தால் அந்தக் குறுவட்டம் பாதுகாப்பானது. 90-ஐத் தாண்டினால் அபாயம். 100-ஐத் தாண்டினால் ‘அதிகம் உறிஞ்சப்பட்டது’ என்று பட்டியலில் ஏற்றிவிடுவார்கள். 2017 மதிப்பீட்டில் தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் 462 அந்தப் பட்டியலில் இருந்தன.

நம் பிரச்சினை என்ன? ஒரு குறுவட்டத்தில் ஆற்றோரத்து ஊரும் இருக்கிறது, கரட்டு மேட்டு ஊரும் இருக்கிறது. பல ஊருக்கு ஒரு கிணறு. ஆற்றோரக் கிணற்றில் 20 அடியில் தண்ணீர் நிற்கும்போது மேட்டூர்க்காரன் போர் 600 அடிக்குப் போய்ப் புகைகிறது. சராசரி போட்டால் இருவருக்கும் பொய்க்கணக்கு. அந்தக் கணக்காவது ஊருக்கு வருகிறதா? ஒரு அலுவலகத்தில் போய் எங்கள் குறுவட்டத்தின் ஜனவரி அளவு என்ன என்று கேட்டோம். “வெப்சைட்ல இருக்கும், பாருங்க” என்றார்கள். அந்த வெப்சைட் இங்கிலீஷில் இருக்கிறது. கிணறு நம்முடையது, தண்ணீர் நம்முடையது, கணக்கு மட்டும் யாருடையதோ!

கல்லுக்குள் எத்தனை தண்ணீர் இருக்கும்?

இந்த ஒரு கணக்கை மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் தண்ணீர் கட்ட ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர் வேண்டும். நம் பகுதியில் கீழே இருப்பது பாறை. களி கலந்த சிதைந்த பாறையில் நூற்றுக்கு ஒன்றரை பங்குதான் எடுக்கக்கூடிய தண்ணீர். அதாவது ஒரு ஏக்கருக்கு அடியில் மட்டம் ஒரு அடி இறங்கினால் கிடைப்பது சுமார் 18,500 லிட்டர். ஆக அந்த ஏக்கருக்கு ஒரு அங்குலம் பாய்ச்ச, அதற்கு அடியில் ஐந்தரை அடி மட்டம் இறங்க வேண்டும்! நம் நிலத்துக்கு அடியில் மட்டும் எடுத்து நெல் விளைய வைக்க முடியாது. பக்கத்துக் காட்டுத் தண்ணீரையும் இழுத்துத்தான் பாய்ச்சுகிறோம். பக்கத்துக்காரனும் அதையே செய்கிறான். அப்புறம் “உன் போர் போட்டதால என் கெணறு வத்திப்போச்சு” என்று அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லாமல் போகிறது.

ஆற்று மணல் அப்படி இல்லை. நூற்றுக்கு 16 பங்கு வரை தண்ணீர் கொடுக்கும். ஒரு ஏக்கர் மணலில் ஒரு அடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர். பாறையைப் போலப் பத்து மடங்கு. மணல் ஏற்றிய லாரி ஒவ்வொன்றும் நம் தண்ணீர்த் தொட்டியில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு போனது. மணல் போய்ப் படுகை இறங்கினால், கரையோரக் கிணற்று மட்டமும் கூடவே இறங்கும். பள்ளம் இருந்தால் தண்ணீர் அங்கேதானே போகும்?

அளந்தால் மீட்டர் வருமா?

கூட்டத்துக்குக் கூட்டம் இந்தக் கேள்வி வருகிறது. “நாம அளந்து எழுதிக் குடுத்தா, நாளைக்கு மோட்டாருக்கு மீட்டர் வெப்பான், தண்ணிக்கு வரி போடுவான்” என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நியாயமான பயம். நம் சங்கத்துக்கும் அந்தப் பயம் உண்டு. இலவச மின்சாரத்தில் கை வைக்க யாரையும் விடமாட்டோம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். நாம் அளக்காவிட்டாலும் பட்டியல் வந்துவிட்டது. புதுக் கிணற்றுக்கு வங்கியில் கடன் கேட்டால் அந்தப் பட்டியலைத்தான் எடுக்கிறார்கள். நாம் சும்மா இருந்தால், தண்ணீர் வற்றியதற்கு ரெண்டு ஏக்கர்க்காரன் மட்டும்தான் காரணம் என்று எழுதிவிட்டுப் போவார்கள். ஆற்றுக்குள் ஊறல் கிணறு போட்டு நகரத்துக்கு எடுப்பது எத்தனை? ஆலைகள் எடுப்பது எத்தனை? டேங்கர் லாரி எத்தனை நடை? இதைக் கேட்க நம்மிடம் ஒரு நோட்டு வேண்டும். நாம் அளக்கப் போவது மோட்டாரை இல்லை, தண்ணீரை. அந்த நோட்டு கிராமசபையிடம்தான் இருக்கும்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கும் மேல் பொய்த்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டமும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்தார்கள். கிணறு வற்றியதை எப்படி நிரூபிப்பது? அன்று நம் கையில் பத்து வருஷத்துத் தை மாத அளவு இருந்திருந்தால், “இந்தா பார் கணக்கு” என்று மேசைமேல் வைத்திருக்கலாம். வெறுங்கையோடுதான் நின்றோம்.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். ஆந்திராவில் 2003 முதல் சில ஆண்டுகள், நம்மை ஒட்டிய சித்தூர் உட்பட ஏழு மாவட்டங்களில் 600-க்கும் மேற்பட்ட ஊர்களில் விவசாயிகளே மழை அளந்தார்கள், பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிணற்று மட்டம் பார்த்தார்கள். குளிர்காலப் பயிருக்கு முன்னால் ஊர்கூடி, இருக்கிற தண்ணீர் எத்தனை, போடப்போகும் பயிர் கேட்பது எத்தனை என்று வரவு செலவு போட்டார்கள். யாரும் யாரையும் தடுக்கவில்லை. கணக்கைப் பார்த்துப் பலர் நெல்லைக் குறைத்துக்கொண்டார்கள். நட்ட பயிர் பங்குனியில் காய்வதைவிடத் தை மாதமே தெரிந்துகொண்டு மல்லாட்டையோ உளுந்தோ கேழ்வரகோ போடுவது மேல் இல்லையா?

எப்படி அளப்பது?

கிணறு: ஊருக்கு நாலு கிணறு பொறுக்குங்கள். ஆற்றோரம் ஒன்று, ஏரிக்குக் கீழே ஒன்று, மேட்டில் ஒன்று, ஊர் நடுவில் ஒன்று. கயிற்றில் கல் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். விடியற்காலையில், மோட்டார் போடுவதற்கு முன்னால் பாருங்கள். ராத்திரி முழுக்க ஓடிய கிணற்றை அளந்தால் அது பொய் சொல்லும். ஒவ்வொரு தடவையும் கைப்பிடிச்சுவரில் ஒரே இடத்தில் பெயிண்டால் குறி வைத்து அளக்க வேண்டும். சுவர் உயரத்தைக் கழித்தால் தரையிலிருந்து உள்ள ஆழம் கிடைக்கும். மோட்டார் இறக்கிய போரில் கயிறு விடாதீர்கள், சிக்கிக்கொள்ளும். கைவிட்ட போர் இருந்தால் அதில் அளந்து மறுபடி மூடி போட்டு இறுக்கிவிடுங்கள். மூடாத போர் குழந்தைக்கு எமன்.

ஆறு, ஓடை: நேராக ஓடும் இடத்தில் 30 அடிக்கு ரெண்டு குச்சி நடுங்கள். அகலம் எத்தனை, நாலைந்து இடத்தில் ஆழம் பார்த்துச் சராசரி எத்தனை என்று எழுதுங்கள். தேங்காய் மட்டைத் துண்டு ஒன்றை விட்டு எத்தனை விநாடியில் கடக்கிறது என்று செல்போனில் பாருங்கள். அகலம் 12 அடி, ஆழம் அரை அடி, 20 விநாடி என்று வையுங்கள். 12-ஐ அரையால் பெருக்கினால் 6. வேகம் விநாடிக்கு ஒன்றரை அடி. பெருக்கினால் 9. மேல்தண்ணீர் வேகமாகவும் அடித்தண்ணீர் மெதுவாகவும் போவதால் பத்துக்கு எட்டு எடுத்துக்கொண்டால் 7.2 கன அடி. ஒரு கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 24 ஏக்கரில் ஒரு அங்குலம் நிற்கும். அப்படியானால் 7.2 கன அடி? 170 ஏக்கர்! சின்ன ஓடை என்று நினைத்தோமே, பார்த்தீர்களா?

ஒரே நாளில் மேல் ஊரிலும் கீழ் ஊரிலும் அளங்கள். நடுவில் ஓடை எதுவும் சேராமல் கீழே கூடியிருந்தால் நிலம் கொடுக்கிறது. நடுவில் யாரும் எடுக்காமலே கீழே குறைந்திருந்தால் நிலம் வாங்குகிறது. ஓட்டம் நின்ற தேதியைக் கட்டாயம் எழுதுங்கள். அந்த ஒரு தேதி பத்து வருஷம் சேர்ந்தால் போதும், ஆற்றின் ஜாதகமே நம் கையில்.

நம் கோரிக்கைகள்:

1. ஜனவரி மாதக் கிணற்று அளவை ஊர்வாரியாகத் தமிழில் எழுதி, ஜனவரி 26 கிராமசபைக்கு முன்பே ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்ட வேண்டும்.

2. ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் ஒரு கண்காணிப்புக் கிணறு வேண்டும்.

3. மார்கழி முதல் பங்குனி வரை, அணைக்கட்டிலும் பொன்னை, செய்யாறு சேரும் இடங்களிலும் வாரம் ஒருமுறை நீரோட்டத்தை அளந்து வெளியிட வேண்டும்.

4. ஆலைகளும் நகரங்களும் ஆற்றுப் படுகையில் எடுக்கும் தண்ணீரை முதலில் அளந்து அறிவிக்க வேண்டும்.

5. படுகை மட்டத்தை வருஷந்தோறும் அளக்க வேண்டும். மட்டம் இறங்கிய இடத்தில் மணலைத் தொடக்கூடாது.

6. பாலாறு கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரம் வழியாக நமக்கு வருகிறது. மூன்று மாநிலமும் சேர்ந்து குளிர்கால நீரோட்டத்தை அளந்து கணக்கைப் பொதுவில் வைக்க வேண்டும்.

7. வறட்சி நிவாரணத்துக்குக் கிராமசபை ஏற்ற அளவை ஆதாரமாக ஏற்க வேண்டும்.

தாய்மார்களே! குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது நீங்கள். கயிற்றைப் பிடிப்பதிலும் முதல் கை உங்களுடையதாக இருக்கட்டும். படிக்கிற பிள்ளைகள் கணக்கை எழுதட்டும். தை முதல் வாரம் முதல் அளவு. அதை ஜனவரி 26 கிராமசபையில் தீர்மானமாக ஏற்றுவோம். மாசிக் கடைசியில் அடுத்த அளவு. அதை மார்ச் 22 தண்ணீர் தின கிராமசபையில் வைப்போம். தீர்மானத்தின் நகலோடு எல்லா ஊரும் சேர்ந்து கலெக்டர் ஆபீசுக்குப் போவோம். இந்தத் தடவை வெறுங்கையோடு போகமாட்டோம்!

தை மாதத் தண்ணீரை அளப்போம்!
ஊர் நோட்டில் ஏற்றுவோம்!
கணக்கைக் காட்டி உரிமையைக் கேட்போம்!