கஜானா கரையேறியது, சுமையைத் தூக்கியது யார்?

(சாத்தான்குளத்தில் ஆற்றிய உரை)



தூத்துக்குடிக் கடலுக்கு அக்கரையில் இருக்கிறது இலங்கை. நம் பக்கத்து வியாபாரிகள் பலர் கொழும்பில் கடை வைத்திருந்த காலம் உண்டு. அந்த நாடு 2022 ஏப்ரல் 12-இல், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. பெட்ரோலுக்கும் சமையல் வாயுவுக்கும் ஜனங்கள் இரவு பகலாக வரிசையில் நின்றார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் விலைவாசி, முந்திய செப்டம்பரைவிட நூற்றுக்கு 70 அளவுக்கு ஏறியிருந்தது.

காரணம் என்ன? 2019 கடைசியில் ராஜபக்ச சர்க்கார் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தது. வருமானம் வற்றியது. கொரோனாவால் சுற்றுலா படுத்தது. 2021-இல் திடீரென்று ரசாயன உரத்துக்குத் தடை போட்டு விளைச்சலைக் கெடுத்தார்கள். துண்டு விழுந்த இடத்தில் மத்திய வங்கி நோட்டு அடித்துக் கொடுத்தது.

ஆகவே சீர்திருத்தம் வேண்டியதுதான். அதை மறுப்பது அறிவீனம். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் கடனுக்குச் சம்மதித்தது. கூடவே நிபந்தனைகளும் வந்தன. மின்கட்டணம் உயர்ந்தது. வரி 2024 ஜனவரியில் 18 சதவீதம் ஆயிற்று. சர்க்காருக்காக நோட்டு அடிப்பதைத் தடுக்கச் சட்டம் வந்தது. பலன் கிடைத்ததா? கிடைத்தது. 2022-இல் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கிய பொருளாதாரம், 2024-இல் 5 சதவீதம் வளர்ந்தது. விலையேற்றமும் அடங்கியது.

சரி, இதற்கு விலை கொடுத்தது யார்? அதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

2023 ஜூலையில் உள்நாட்டுக் கடனைத் திருத்தினார்கள். ஊழியர் சேமலாப நிதி, அதாவது நம் ஊர் பிராவிடண்டு பண்டு, சர்க்கார் பத்திரங்களில் போட்ட பணம் நீண்ட காலத் தவணைக்குத் தள்ளப்பட்டது. சம்மதிக்காவிட்டால் 14 சதவீத வரி 30 ஆகும் என்றார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் நம் தமிழ்ப் பெண்களின் சேமிப்பும் அதில்தான் இருக்கிறது. வங்கிகளின் பத்திரங்களை மட்டும் தொடவில்லை. வங்கியை ஆட்டினால் டெபாசிட்டுக்கு ஆபத்து என்றார்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். தொழிலாளியின் சேமிப்பு டெபாசிட் இல்லையா?

வெளிநாட்டுப் பத்திரக்காரர்களும் அசலில் 27 சதவீதம் விட்டுக்கொடுத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் மேஜையில் உட்கார்ந்து பேரம் பேசினார்கள். கணக்கு 2024 டிசம்பரில்தான் தீர்ந்தது. நாடு எதிர்பார்த்ததற்கு மேல் வளர்ந்தால் தங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும்படி ஷரத்தும் வாங்கிக்கொண்டார்கள். தொழிலாளியின் விஷயமோ சில நாட்களில் பார்லிமெண்டில் முடிந்துபோயிற்று. வளர்ச்சியில் பங்கு தரும் ஷரத்து அவனுக்கு இல்லை.

உலக வங்கிக் கணக்குப்படி, 2021-இல் நூற்றுக்கு 13 பேராக இருந்த ஏழைகள் மறு ஆண்டே 25 பேர் ஆனார்கள். ஏற்கெனவே விழுந்து கிடந்தவன் தலையில்தான் இந்தச் சுமையும் ஏறியது.

தோழர்களே! 1991-இல் நம் நாடும் சுமார் 47 டன் தங்கத்தை அடகு வைத்த நாடுதான். சீர்திருத்தம் என்ற பேச்சு நாளை நம் வாசலுக்கு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். யார் செலுத்துகிறார்கள்? யாரைக் கலந்து முடிவு செய்தார்கள்? நிலைமை சீரானதும் யாருக்குத் திருப்பித் தருவார்கள்? இந்த மூன்றுக்கும் நேரான பதில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்!