குட்டையில் கொட்டிய அசோலா



எங்க குழுவில் 12 பேர். வெங்காயமும் பருத்தியும் போட்ட எங்களுக்கு மீன் புதுசு. ஐப்பசி மழையில் பண்ணைக்குட்டை நிரம்பியதும் கடன் எடுத்து கட்லா, ரோகு, புல்கெண்டைக் குஞ்சு விட்டோம். தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி தீனி. மீன் வளர்ந்ததோ இல்லையோ, புண்ணாக்குக் கடைப் பாக்கி வளர்ந்தது.

மாட்டுக்காக வீட்டில் அசோலா வளர்த்தோம். நாம பாசின்னு சொல்றோம். உண்மையில் அது மிதக்கிற சின்னப் பெரணி. அதன் இலைக்குள்ளே குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசிதான் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. அதனால் உலர்ந்த அசோலாவில் ஏறத்தாழ கால் பங்கு புரதம். ஸ்பைருலினா என்கிற சுருள்பாசியில் பாதிக்கும் மேல். ஆனா அது விற்கிற விலைக்கு நம்ம குட்டை மீனுக்குக் கட்டாது.

கணக்கு நோட்டைப் பார்த்த ஆத்திரத்தில், புண்ணாக்கை ஒரேயடியா நிறுத்தச் சொன்னவள் நான்தான். அசோலாவைக் கூடை கூடையாகக் குட்டையில் கொட்டினோம். கொஞ்ச நாளில் தண்ணியே தெரியலை, அத்தனை பச்சை. பார்க்க அழகாத்தான் இருந்தது. ஒருநாள் விடியற்காலையில் எங்க பிரதிநிதி அக்கா போன்: "மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குதுடி!" மேலே மூடிக்கிட்டதால் வெளிச்சம் உள்ளே இறங்கலை, தண்ணியில் காற்று குறைஞ்சு போச்சு. இடுப்பளவுத் தண்ணியில் இறங்கி, பழைய சேலையை விரிச்சு வாரினோம். மோட்டார் போட்டுத் தண்ணி பீய்ச்சினோம். அப்படியும் 43 மீன் போச்சு.

தீர்மான நோட்டில் "அசோலா போட்டதால் நட்டம்" என்று எழுதப் போனாங்க. அசோலா மேல பழி போடாதீங்க, என் அவசரம்னு எழுதுங்கன்னு சொன்னேன். அப்படியே எழுதியிருக்கு.

இப்போ புண்ணாக்கில் நாலில் ஒரு பங்கு மட்டும் குறைக்கிறோம். புல்கெண்டை பச்சையாகவே தின்னும். அதுக்கு மூங்கில் சட்டத்துக்குள்ளே மட்டும் கொஞ்சம் மிதக்க விடுவோம். மற்ற மீனுக்கு நிழலில் உலர்த்தி, பொடிச்சு, தவிடு புண்ணாக்கோடு பிசைஞ்சு உருண்டையா வைப்போம். 10 கிலோ பச்சை அசோலா காய்ந்தால் அரை கிலோ சொச்சம்தான். 2 மீட்டருக்கு 1 மீட்டர் தொட்டியில் நாளுக்கு அரை கிலோ பச்சை வந்தால் நல்ல விளைச்சல். அதனால் 6 தொட்டி போட்டிருக்கோம். சித்திரை வெயிலில் சிவந்துபோகும். தென்னங்கீற்றுப் பந்தல் கட்டாயம்.

இன்னொண்ணு. புண்ணாக்குக்குக் காசு எழுதுறோம். அசோலா வாருற நம்ம கைக்கு எழுதுறதில்லை. நாங்க முறை வைத்து, வாருற ஆளுக்குக் கூலியும் செலவில் எழுதுறோம். அதையும் சேர்த்துத்தான் லாபமா நட்டமான்னு பார்க்கணும்.

சந்தேகம் இருந்தால் வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் மையம் இருக்கு, போய்க் கேளுங்க. விதை அசோலா வேணும்னா சாப்பாட்டுக்கு அப்புறம் என்கிட்ட வாங்க. ஆளுக்கு ஒரு கிலோ தர்றேன். வாளி மட்டும் நீங்க கொண்டு வரணும்.