கம்பளி விரிப்புக்குப் பூந்திக்கொட்டை
கம்பளி இழை, தலைமயிரைப் போலவே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனதாதலின், சலவைச் சோடா போன்ற காரப் பொருள்கள் அதை நாளடைவில் நலியச் செய்கின்றன. பூந்திக்கொட்டையின் தோலோ சற்றே அமிலத்தன்மை உடையது. அதிலுள்ள சபோனின், அதாவது நீரில் நுரைத்து எண்ணெய்ப் பிசுக்கைப் பிரித்தெடுக்கும் இயற்கைப் பொருள், பின்னர் நுண்ணுயிரிகளால் சிதைந்தும் விடுகிறது.

விரிப்பைக் கொடியில் போட்டுத் தடியால் தட்டித் தூசியை உதிர்ப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். உதிர்க்காமல் நனைத்தால் தூசி சேறாகி இழையின் அடியில் தங்கிவிடும். கொட்டை நீக்கிய தோலை வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டி, ஆறிய பின் நுரையை மட்டும் துணியில் எடுத்து, சாயம் போகிறதா, கறை படிகிறதா என்று ஓர் ஓரத்தில் சோதித்துக்கொண்டு, இழை சாய்ந்த திசையிலேயே துடைக்க வேண்டும். பிறகு ஈரத்துணியால் நுரையை ஒற்றியெடுத்து, காற்றோட்டமான நிழலில் இருபுறமும் உலர்த்த வேண்டும். கடும் வெயில் சாயத்தை வெளுத்துவிடும்.