வெள்ளைப் பாறை வழக்கு: அண்டை நாடுகளும் அனைத்துலக நீதிமன்றமும்



அண்டை நாடுகளின் பிணக்கைப் பற்றி ஆராய நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில் 137 மீட்டர் நீளமுள்ள ஒரு பாறைத்தீவு உள்ளது. மலாய் மொழியில் அது பத்து பூத்தே. போர்த்துகீசிய மொழியில் பெட்ரா பிராங்கா. இரு பெயர்க்கும் பொருள் ஒன்றே: வெள்ளைப் பாறை. பெயரின் பொருளில் பிணக்கில்லை. பாறை யாருடையது என்பதிலேதான் பிணக்கு.

1979இல் மலேசியா வெளியிட்ட வரைபடம் அப்பாறையைத் தன் எல்லைக்குள் காட்டியது. 1980 பிப்ரவரியில் சிங்கப்பூர் மறுப்புத் தெரிவித்தது. பேச்சுவார்த்தைகளால் முடிவு எட்டப்படாமையால், இரு நாடுகளும் 2003இல் ஓர் உடன்படிக்கை செய்து, வழக்கை ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றத்திடம் ஒப்படைத்தன. தீர்ப்பு எதுவாயினும் அதுவே இறுதி என இரு தரப்பும் முன்னரே ஒப்புக்கொண்டன.

மொழி பயில்வோராகிய நாம் இவ்வழக்கில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒரு கடிதம். பாறையின் நிலை குறித்துச் சிங்கப்பூரின் குடியேற்ற அரசு 1953இல் வினவியது. ஜொகூர் அரசு அதற்கு உடைமை கோரவில்லை என்று ஜொகூரின் பொறுப்பு மாநிலச் செயலாளர் விடையெழுதினார். உடைமை வேறு, இறையாண்மை வேறு என்று மலேசியா வாதிட்டது. நாடுகளுக்கிடையே நிலப்பகுதியைப் பற்றி எழும் வினாவில் உடைமை என்னும் சொல் இறையாண்மையையும் குறிக்கும் என்று நீதிமன்றம் கொண்டது. தொடக்கத்தில் பாறை ஜொகூருக்கே உரியதாயிருந்தது என்று ஏற்ற நீதிமன்றம், அக்கடிதத்தையும் பிற்கால நடத்தையையும் சேர்த்து நோக்கி, 1980க்குள் உரிமை சிங்கப்பூருக்கு மாறிவிட்டது என்று 2008 மே 23 அன்று தீர்ப்பளித்தது. அருகிலுள்ள மிடில் ராக்ஸ் மலேசியாவுக்கு உரியதாயிற்று. சவுத் லெஜ் எந்நாட்டின் கடற்பரப்பில் அமைகிறதோ அந்நாட்டுக்கு உரியது என்றது நீதிமன்றம்; அக்கடற்பரப்பின் எல்லையை அது வரையவில்லை.

அந்நீதிமன்றத்துக்குப் படையில்லை; நாடுகளின் இசைவின்றி வழக்கைக் கேட்கவும் இயலாது. பின் எதனால் அதன் சொல் நிலைக்கிறது? தோற்கக்கூடும் என்று அறிந்தே முன்கூட்டிக் கொடுத்த வாக்கினால். 2017இல் தீர்ப்பை மறுஆய்வு செய்ய விரும்பிய மலேசியாவும் அதே நீதிமன்றத்தையே நாடியது. 2018இல் அம்மனு கைவிடப்பட்டது.

எனினும் தீர்ப்பு மட்டுமே அமைதியாகிவிடாது. இதே நீதிமன்றம் 1962இல் பிரியா விகார் கோயிலைக் கம்போடியாவுக்கு உரியதென்றது. தாய்லாந்து கோயிலை விட்டகன்றது. ஆனால் சுற்றுநிலம் பற்றிய வினா எஞ்சியது; 2011இல் அங்கே பீரங்கிகள் முழங்கின. எஞ்சிய வினாக்களைப் பேசித் தீர்ப்பது அண்டை நாடுகளின் கடமை; அதை எந்த மன்றமும் அவர்களுக்காகச் செய்துவிட முடியாது.

ஆசிரியர்களே, அந்த 1953ஆம் ஆண்டுக் கடிதத்தை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லுங்கள். ஒரு சொல்லைத் தேர்ந்தெழுதுவது எத்துணைப் பொறுப்புடையது என்பதை மாணவர் அதில் காண்பர்.