பிக்கப்பின் நடுத்தாங்கி



மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில், தான்தோன்றீஸ்வரர் எழுந்தருளியுள்ள ஒட்டுசுட்டானிலே, காலபோக அறுவடைக் காலத்தில் நெல்மூட்டை ஏற்றிய பிக்கப் வாகனங்களைக் காணலாம். அவற்றின் அடியிலே தொங்கும் சிறியதோர் உறுப்பைப் பற்றியே இன்று பேச வந்தேன். கலைத்துறை கற்ற எனக்கு இவ்வறிவு என் பழைய மாணவன் ஒருவனுடைய கராச்சிலே கிடைத்தது.

முன்னேயுள்ள இயந்திரத்தின் விசையைப் பின்னச்சுக்குக் கொண்டு செல்வது நீண்டதோர் உருக்குத் தண்டு. நீளமான தண்டு ஒன்றே விரைந்து சுழன்றால், சிறுமியர் சுழற்றும் கயிறுபோல நடுவிலே வளைந்து அதிரும். ஆகவே அதனை இரண்டாக்கி, நடுவிலே றப்பர் வளையத்துள் பொதிந்த பேரிங் ஒன்றினால் தாங்குகிறார்கள். அதுவே 'சென்டர் பேரிங்'.

மாரியில் வெள்ளம் பாயும் வீதியைக் கடக்கையில் நீர் உட்புகுந்து கிறீஸ் கெடும், குண்டுகள் துருவேறும், காலப்போக்கில் றப்பரும் கிழியும். பாரத்தோடு புறப்படும்போது வாகனம் நடுங்கும். பின்னர் ஓட்டத்தின் வேகத்தோடு ஏறியிறங்கும் உறுமல் கேட்கும். அதைப் பொருட்படுத்தாது ஓடினால், தாங்கியை இழந்த தண்டு அடியிலுள்ள குழாய்களை அடித்து நொறுக்கவுங் கூடும்.

கமக்காரர் ஒருவர் வேறோரிடத்தில் இந்தப் பேரிங்கை மாற்றுவித்தார். நடுக்கம் தீரவில்லை. இன்னொன்று வாங்கிப் பூட்டுவித்தார், அப்போதும் தீரவில்லை. மூன்றாவதற்கும் பணம் தேட வேண்டுமோ என்ற கவலையோடுதான் என் மாணவனிடம் வந்தார். அவனோ பேரிங்கைத் தொடவில்லை. அழுக்கைத் துடைத்துவிட்டுத் தண்டின் கவர்முனைகளையே உற்று நோக்கினான். அவை ஒன்றுக்கொன்று நேராக நிற்கவில்லை.

பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில அறிஞர் ரொபேட் ஹூக் ஆராய்ந்த மூட்டே இங்குள்ளது. சாய்ந்த நிலையில் சுழலும்போது, ஒவ்வொரு சுற்றிலும் அம்மூட்டு இருமுறை விரைந்து இருமுறை தளரும். மறுமுனை மூட்டு அதற்கு நேராக அமைந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யும். கழற்றியவர் அடையாளம் இடாமையால், தண்டு சில பற்கள் தள்ளிப் பூட்டப்பட்டிருந்தது. பழியைச் சுமந்தது பேரிங்!

எனவே கழற்றுமுன் ஒவ்வோர் இணைப்பிலும் அடையாளம் இடவேண்டும். என் கைக்குப் பழகிய சோக்கு இங்கே பயன்படாது. எண்ணெய் பட்டால் அழிந்துவிடும். அவன் உளியால் புள்ளி குத்துகிறான். புதிய பேரிங்கை உள்வளையத்தில் அழுத்தியே ஏற்றவேண்டும். வெளிவளையத்தில் சுத்தியல் பட்டால் குண்டுகள் ஓடும் பாதை பள்ளமாகும். தாங்கியின் அடியில் தகடுகள் இருந்தால், அவற்றை இருந்தவாறே திரும்ப வைக்கவேண்டும். தண்டின் சாய்வை அமைப்பவை அவை. வாகனத்தை ஜக்கில் மட்டும் நம்பி நிறுத்தி அடியிற் புகலாகாது என்பதை அவன் தன் உதவியாளனுக்கு இருமுறை சொன்னான்.

கவர்முனைகளை நேராக்கிப் பூட்டியதும் நடுக்கம் நின்றது. கழற்றி வீசாது சாக்கிலே சுற்றி வைத்திருந்த முதலாவது புதிய பேரிங்கைக் கமக்காரர் என்னிடம் காட்டினார். விரலால் சுழற்றிப் பார்த்தேன். ஓசையேயின்றிச் சுழன்றது.